நாய் சுகம்

நாய் பாய்ந்து வந்தால் ஓடக்கூடாது. கதைக்குள் போக முன்னரே இதைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது நாளைக் காலையே ஒரு நாயைச் சந்திக்கக்கூடும். ஓட்டத்தில் நாயை வென்றவரை நான் இன்னும் காணவில்லை. நின்ற இடத்தில் நில்லுங்கள். முதுகை வேலியோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கையில் இருப்பதை முன்னால் நீட்டுங்கள். அது எதையோ கடிக்கத்தான் வந்திருக்கிறது. உங்களைத் தவிர வேறெதையாவது கடிக்கக் கொடுத்துவிடுங்கள். குடை, பை, செருப்பு, எதுவும் ஆகும். நான் கொடுத்தது ஒரு கடகம்.

கடகம் இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. பனையோலையில் பின்னி, வாயைச் சுற்றி நாரால் இறுக்கி வரிந்த கூடை. அன்று காலை அதில் பூ இருந்தது. நயினாதீவில் திருவிழா தொடங்கிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. என் கணவர் கோயில் குருக்கள். அந்த வருடம் காப்புக் கட்டியவரும் அவர்தான். கொடி ஏறும் நாளில் பிரதான குருக்களின் மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டுவார்கள், அதுதான் காப்பு. கட்டியபின் கொடி இறங்கி அதை அவிழ்க்கும்வரை அவர் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. எங்கள் ஊருக்கு எல்லை கடல். அதோடு, கொடி பறக்கும் நாட்களில் ஊர் முழுவதும் விரதம். மீன் இல்லை, இறைச்சி இல்லை, ஓர் உயிரையும் கொல்வதில்லை. இந்த இரண்டு வழக்கங்களையும் மறந்துவிடாதீர்கள். என் உயிர் தொங்கியது இவற்றின் நடுவில்தான்.

நந்தவனத்திலிருந்து பூக்கடகத்தோடு ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தேன். வளைவில் நின்றது அது. செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருந்தது. நான் பார்த்தேன், அது பார்த்தது. குரைக்கவில்லை. குரைக்காத நாய் வந்தால் இன்னும் கவனமாக இருங்கள். அடுத்த கணம் ஒரே பாய்ச்சல்!

நான் கத்தியது கோயில் மணியையும் தாண்டிக் கேட்டதாம். கத்திக்கொண்டே கதியால் வேலியில் முதுகைச் சாத்திக் கடகத்தை முன்னால் நீட்டினேன். நாய் கடகத்தைக் கவ்வி உலுப்பியது. செவ்வரத்தம் பூவும் நந்தியாவட்டையும் மழையாகக் கொட்டின. நானும் விடவில்லை. "விடு, விடு" என்று அதற்குச் சொன்னேனா, எனக்குச் சொன்னேனா தெரியாது. ஓலை கிழிந்தது. கிழிந்த இடத்தால் அதன் வாய் உள்ளே வந்து என் வலது கையைப் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. கையை உதறிப் பிடுங்கி, மிச்சக் கடகத்தை இரண்டு கையாலும் தூக்கி அதன் தலைக்கு மேலால் கவிழ்த்து அமுக்கினேன். ஓலை பிய்ந்து, விளிம்பு மட்டும் வளையமாக அதன் கழுத்தில் இறங்கியது. நாய் திகைத்துப் போய்விட்டது. இரண்டு தரம் தன்னையே சுற்றிப் பார்த்துவிட்டு, மாலை போட்ட மாப்பிள்ளையைப் போல ஓடியது.

நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் கையைப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே சதை திறந்து கிடந்தது.

சனம் கூடிவிட்டது. ஒருத்தி மஞ்சள் வைத்தாள், ஒருத்தி கோப்பித்தூளை அள்ளி அப்பினாள், ஒருவர் திருநீறு போட்டார். பொல்லோடு ஓடிவந்த ஆண்கள் ஒழுங்கை முனையில் நின்றுவிட்டார்கள்.

"கொடி ஏறியிருக்கு. இப்ப அடிக்க ஏலாது" என்றார் ஒருவர்.

"கொடி இறங்கட்டும் அம்மா, அதுக்கு அண்டைக்கு இருக்கு" என்று இன்னொருவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

எனக்கு அந்த ஆறுதல் போதவில்லை. அந்த நேரத்தில் கொடிமரத்தையே கையில் தந்திருந்தாலும் அந்த நாயை அடித்திருப்பேன்.

இவர் பூசையை முடித்துக்கொண்டு ஈர வேட்டியோடு வந்தார். இவருக்கு நாயென்றால் சின்ன வயதிலிருந்தே பயம். ஒழுங்கையில் நாய் படுத்திருந்தால் ஊரைச் சுற்றிப் போகிற மனிதர். என் கையைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போய்விட்டது. இவருடைய தங்கை சிவகாமியை, என் மச்சாளை, என்னோடு கூட்டி விட்டு, இறங்குதுறைவரை வந்தார். கடைசிப் பலகையில் நின்றுகொண்டார். அதற்கு அங்கால் அவர் வர முடியாது. லோஞ்சு வெளிக்கிட்டது. மஞ்சள் நூல் கட்டிய கையைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான்.

குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து, புங்குடுதீவு தாண்டி, வேலணை தாண்டி, ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு துண்டுப் பாண் ரொட்டிக்கும் வரிசையில் நின்ற காலம் அது. ஆசுபத்திரியில் வரிசை அதைவிட நீளம். ஆனால் "நாய்க்கடி" என்று மச்சாள் சொன்னதும் எல்லாரும் விலகி வழி விட்டார்கள். எனக்கு மரியாதை தருகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் வாங்குப் பலகையின் மறு நுனிக்குப் போய் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள்!

டொக்டர் இளம் வயது, கண்ணாடி போட்டவர். என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன, காயமோ கோப்பிக்கடையோ?"

மிஸ்ஸி, அதாவது தாதி, சவுக்காரம் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவத் தொடங்கினார். கழுவினார், கழுவினார், கை மரத்துப்போகும்வரை கழுவினார். முதல் மருந்தே இந்தக் கழுவல்தான் என்றார் டொக்டர். கடித்த உடனே வீட்டிலேயே செய்திருக்க வேண்டியதாம். கோப்பித்தூளுக்குப் பதிலாக ஒரு வாளித் தண்ணீர்! காயத்தைத் தைக்கவும் இல்லை. நாய்க்கடியைத் தைத்து மூடினால் விஷத்தை உள்ளே வைத்துப் பூட்டினதுபோல் ஆகிவிடும் என்றார்.

பிறகு கேட்டார், "நாய் எங்கை?"

"ஊரிலைதான்."

"உயிரோடையோ?"

"ஓம். கொடி ஏறியிருக்கு. இறங்கினாப் பிறகுதான் அடிப்பினம்."

டொக்டர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "அடிக்கக்கூடாது! சொல்லிப்போடுங்கோ. அந்த நாயை ஒருத்தரும் அடிக்கக்கூடாது. இப்ப எங்களுக்கு உண்மை சொல்லக்கூடிய ஒரே ஆள் அதுதான்."

அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். விசர்நாய்க்கடி நோய் என்பது நாயின் எச்சிலில் வரும் கிருமி. அது இரத்தத்தில் ஓடுவதில்லை. காயத்திலிருந்து நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளைக்கு ஏறும். ஏறியபின் ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும்; அதனால்தான் நீர்வெறுப்பு என்றும் பெயர். கிருமி போய்ச் சேர முன்னர் உடம்பைத் தயார்ப்படுத்தத்தான் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. காலில் கடித்தால் கிருமிக்குப் பயணம் நீளம். கையில், அதுவும் இவ்வளவு ஆழமாகக் கடித்தால், பயணம் கிட்ட. ஊசி முந்துமா கிருமி முந்துமா என்று சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் எச்சிலில் கிருமி இருக்கிற நாய் பத்து நாளுக்குள் தானே செத்துவிடும். பத்து நாள் கழித்தும் அந்த நாய் நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். ஊசியை நிற்பாட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"எந்த நாயெண்டு பிழையில்லாமல் தெரியுமோ?" என்று கேட்டார்.

"தெரியும். அதின்ரை கழுத்திலை என்ரை கடகத்தின்ரை விளிம்பு கிடக்கு."

மிஸ்ஸி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். மச்சாள் அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்கு ஓடினாள். நான் கட்டிலில் இருந்துகொண்டு, காலையில் யாரைக் கொல்லவேண்டும் என்று துடித்தேனோ அவருடைய ஆயுளுக்காக அம்பாளை மன்றாடத் தொடங்கினேன்.

அன்றே முதல் ஊசி. மருந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது. ஊசியைப் பார்க்காதீர்கள், யன்னலைப் பாருங்கள். நான் பார்த்துவிட்டேன். வயிற்றில் குத்துவது முதலில் அவ்வளவு வலியில்லை. மருந்து உள்ளே பரவும்போதுதான் நெருப்பு. அடுத்த நாள் அந்த இடம் தடித்துச் சிவக்கும். பிறகு மிஸ்ஸி தடிக்காத இடம் தேடவேண்டும். "அம்மா, இண்டைக்கு எந்தக் காணியிலை நாட்டுவம்?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். ஆசுபத்திரி எங்களிடம் ஒரு சதம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூட அந்தச் சிரிப்புக்காகக் கொடுத்திருக்கலாம்.

பக்கத்துக் கட்டிலில் பிலோமினா அக்கா. ஊர்காவற்றுறைக் கடற்கரைக்காரி, வள்ளத்தால் இறங்கும்போது கால் முறிந்து மாக்கட்டோடு கிடந்தார். கணவர் அந்தோனி சொந்த வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். பின்னேரங்களில் மீன்குழம்போடு வருவார். முதல் நாள் குழம்பு வாசத்துக்கு நான் முகத்தைச் சீலைத்தலைப்பால் மூடினேன். அன்றிலிருந்து அந்த மனிதர் கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டு, அக்காவைச் சக்கரக் கதிரையில் விறாந்தைக்குத் தள்ளிக்கொண்டு போய்த்தான் சாப்பாடு கொடுத்தார். நான் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் பிலோமினா அக்காவிடம் ஒரு தொந்தரவு இருந்தது. விடிந்தால் முதல் வேலை, செம்பில் தண்ணீர் வார்த்து என் முன்னால் நீட்டுவார்.

"அம்மா, இந்தாங்கோ, தண்ணி குடியுங்கோ."

"எனக்கு விடாயில்லை."

"ஒரு முடறு. என்ரை கண்ணுக்கு முன்னாலை."

குடிப்பேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார். எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அவர் நீட்டாவிட்டாலும் நானே குடித்துப் பார்த்திருப்பேன். ஒவ்வொரு முடறும் இறங்கும்வரை எனக்கும் மூச்சு நின்றது.

வெளிச் சாப்பாடு நான் சாப்பிடுவதில்லை என்பதால் மச்சாள் நாள் தவறாமல் லோஞ்சு ஏறி, பஸ் ஏறிச் சோறு கொண்டு வந்தாள். பிள்ளைகள் இருவரும் யாழ்ப்பாணத்தில் என் தமக்கை வீட்டில் தங்கிப் படித்தார்கள். சோதினை நேரம், அவர்களுக்கு ஒன்றும் சொல்லக்கூடாது என்று தடுத்துவிட்டேன். மச்சாள் கொண்டுவந்தது சோறு மட்டுமல்ல, செய்தியும். ஆசுபத்திரி வாட்டுக்குள் காலை வைக்கும்போதே சொல்வாள்:

"அண்ணை சொல்லி விட்டவர், நாய் சுகம்."

முதல் நாள் சந்தோசமாக இருந்தது. அடுத்த நாளும் "நாய் சுகம்." அதற்கடுத்த நாளும் "நாய் சுகம்." எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன், என்ரை சுகத்தை உங்கடை அண்ணை கேக்க மாட்டாரோ? நாயைத்தான் கட்டினவரோ?"

மச்சாள் பயந்த சுபாவக்காரி. "நாய் சுகமெண்டால் நீங்களும் சுகம்தானே மச்சாள். அண்ணை அப்பிடித்தான் சொல்லுறார்" என்றாள்.

"சரி, இவர் அந்த நாயைக் கிட்டப் போய்ப் பாக்கிறவரோ?"

"கிட்டப் போறேல்லை. தூரத்திலை நிண்டு பாப்பார். ஆனால் பாக்காமல் மத்தியானம் சாப்பிடுறேல்லை."

அதைக் கேட்டதும் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தேன்.

நாயின் சீர்சிறப்பைக் கேட்கவேண்டுமே! மாலை போட்ட நாய் பத்து நாள் உயிரோடு இருந்தால்தான் ஐயா வீட்டு அம்மா பிழைப்பார் என்று ஊர் முழுவதும் பரவிவிட்டது. பொல்லைத் தூக்கியவர்களே காவலுக்கு நின்றார்கள். அன்னதான மடத்தில் முதல் இலை நாய்க்கு. மோதகம், சர்க்கரைப் பொங்கல், பஞ்சாமிர்தம், பால். ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் ஒருவர் நின்று "வா ராசா, வா" என்று கூப்பிடுகிறார்களாம். வாட்டு முழுவதும் இந்தக் கதையைக் கேட்கக் காத்திருக்கும். மச்சாள் வருகிற நேரத்துக்கு மற்ற வாட்டுக்காரர் கூட வந்து நிற்பார்கள். டொக்டரே ஒருநாள் சுற்று வரும்போது, "எங்கடை மற்ற நோயாளி எப்பிடி?" என்று கேட்டார். நான் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த இடம் அந்த ஆசுபத்திரிதான்.

இப்படிச் சிரித்துக்கொண்டே தேர்த்திருவிழா கிட்டியது. பத்தாம் நாளும் அதோடு நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம்தான், வீட்டுக்குப் போய்விடலாம் என்று சீலையெல்லாம் மடித்து வைத்தேன்.

அன்று மச்சாள் வந்தாள். சோற்றுப் பாத்திரத்தை வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அண்ணை கேட்டு விட்டவர். நீர் சுகமோ எண்டு."

இத்தனை நாளும் நான் கேட்கத் தவித்த கேள்வி. அதைக் கேட்டதும் மச்சாளின் கையைப் பிடித்தேன்.

"நாய்க்கு என்ன?"

மச்சாள் அழுதுவிட்டாள். "நேற்றிலையிருந்து சாப்பிடுதில்லை. சத்தி எடுக்குது. தேர்முட்டிக்குக் கீழை போய்ப் படுத்திட்டுது. ஆரும் கிட்டப் போனால் உறுமுது."

மிஸ்ஸி டொக்டரைக் கூட்டிவந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "தண்ணி குடிக்குதோ?"

"வைச்சுப் பாத்தது. தொடேல்லை."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊசியை நிப்பாட்ட வேண்டாம்" என்று மிஸ்ஸியிடம் சொன்னார். என்னிடம், "வேறை வருத்தமாயும் இருக்கலாம். பாப்பம்" என்றார். அந்தப் "பாப்பம்" எவ்வளவு பாரமான சொல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்குப் பயம். வேறு சொல்லால் சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரின் முகமும் மாறி மாறி வந்தது. அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து பிலோமினா அக்கா மாக்கட்டுக் காலையும் மறந்து எழும்பப் பார்த்தார்.

"பொறுங்கோ பொறுங்கோ. அந்த நாய் ஆற்றை நாய்?"

"கரைப்பக்கத்து நாய். மீன்வாடியடியிலை திரிஞ்சது" என்றாள் மச்சாள்.

"அப்ப அது மீன் திண்டு வளந்த நாய். கொடி ஏறினதிலையிருந்து அதுக்கு ஒரு மீன்தலை கிடைச்சதோ?"

"ஐயையோ, கொடி ஏறின ஊரிலை மீனோ!"

"மீன் இல்லை. மோதகம் குடுத்தனீங்கள். பால் குடுத்தனீங்கள். நெய் வழியிற பொங்கல் குடுத்தனீங்கள்." அக்கா தலையில் கை வைத்தார். "உதை நானும் நாள்தோறும் திண்டால் எனக்கும் சத்திதான் வரும்! அதுக்கு விசரில்லை அம்மா, வயித்துக்கோளாறு. எங்கடை அவர் நாயள் வளக்கிறவர், எனக்குத் தெரியும்."

டொக்டர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இருக்கலாம்" என்றார். "ஆனால் இருக்கலாமெண்டதை வைச்சு நான் ஊசியை நிப்பாட்ட ஏலாது. நாய் பிழைக்க வேணும்."

பிலோமினா அக்கா தலையணைக்குக் கீழிருந்து ஒரு கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து மச்சாளிடம் நீட்டினார். மச்சாள் பாம்பைக் கண்டமாதிரிப் பின்னுக்குப் போனாள். குருக்கள் வீட்டுப் பெண், காப்புக் கட்டிய தமையனிடம், கொடி பறக்கிற ஊருக்குக் கருவாடு கொண்டு போவதா? அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நானே என்றாலும் கை நீட்டியிருக்க மாட்டேன், என் உயிர் அதில்தான் இருக்கிறது என்று தெரிந்தும்.

பின்னேரம் அந்தோனி வந்தார். அக்கா அவரை விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய் நெடுநேரம் பேசினார். அவர் போகும்போது என் கட்டிலடியில் நின்றார்.

"அம்மா, நான் வள்ளத்திலை அங்காலை ஒருக்காப் போட்டு வாறன். ஐயாவைக் கண்டு கதைக்கிறன்."

"என்னத்தைக் கதைக்கப் போறீர்? அவர் விடமாட்டார்."

"கேட்டுப் பாப்பம்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. தேர், தீர்த்தம் என்று ஊர் நிரம்பி வழியும் நாட்கள், லோஞ்செல்லாம் சனம், மச்சாள் மடப்பள்ளியை விட்டு அசைய முடியாது. கட்டிச்சோறு மட்டும் பஸ்காரர் கையில் வந்தது. வாயால் சொல்ல ஆள் இல்லை. அந்தோனியும் திரும்பி வரவில்லை. மீன்குழம்பு வாசம் வராத அந்தப் பின்னேரங்களில், அது வராதா என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலம் என்னை எங்கே கொண்டுவந்து விட்டது பாருங்கள்!

பத்தாம் நாள் எனக்கு ஒன்றும் தெரியாமலே கடந்தது. நாய் இருந்ததா, செத்ததா, ஊர்காவற்றுறையில் யாருக்கும் தெரியாது. அன்றுதான் என் கையில் ஒரு ஊரல் தொடங்கியது. காயத்தைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி. இந்த நோய் தொடங்குவதே கடித்த இடத்தில் இப்படி ஊர்ந்துதான் என்று விறாந்தையில் யாரோ கதைத்ததை நான் கேட்டிருந்தேன். டொக்டரிடம் சொன்னேன். அவர் அமத்திப் பார்த்தார், விரல்களை மடக்கச் சொன்னார்.

"காயம் ஆறேக்கையும் ஊரும். அநேகமா அதுதான்."

"அநேகமாவோ?"

அவர் பொய் சொல்லவில்லை. கொஞ்சநேரம் என் கட்டில் நுனியில் இருந்துவிட்டுப் போனார். பிலோமினா அக்கா அன்று தண்ணீர்ச் செம்பை நீட்டவில்லை. தன் செபமாலையை எடுத்து என் மற்றக் கையில் வைத்தார். மச்சாள் முன்னர் கொண்டுவந்து தந்த அம்பாளின் திருநீறும் மாதாவின் மாலையும் ஒரே கையில். நான் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

தீர்த்தத்துக்கு அடுத்த நாள் காலை. ஊசி போட்டு முடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். வெளியே ஒரே சத்தம். காவல்காரர் கத்துகிறார்: "ஐயா, ஐயா, உதை உள்ளை கொண்டுவரேலாது!" விறாந்தையில் ஆட்கள் ஓடுகிறார்கள். மிஸ்ஸி யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா! அம்மா, ஓடி வாங்கோ!" என்றார். ஓடினேன். வயிறு வலித்ததா என்றே ஞாபகமில்லை.

வேப்பமரத்தடியில் இவர் நிற்கிறார். திருவிழா விரதத்தில் பாதியாக மெலிந்துபோய், கண் உள்ளே போய். மணிக்கட்டில் காப்பு இல்லை. அது கட்டியிருந்த இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. விடியவே வள்ளத்தில் வந்திருக்கிறார். திருவிழா முடிவில் கோயிலில் போர்த்திய பட்டுச் சால்வை தோளில் இல்லை. அதன் ஒரு நுனி இவர் கையில். மறு நுனி நாயின் கழுத்தில்.

செம்மண் நிறம். மடிந்த காது. என் கடக விளிம்பு அப்படியே.

நாயைக் கண்டால் ஊரைச் சுற்றிப் போகிற என் கணவர், அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் அந்தோனி சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"ஐயா சொன்னவர் அம்மா, கொடி ஊருக்குத்தான் ஏறினது, கடலுக்கில்லையெண்டு" என்றார் அந்தோனி. "நாயை என்ரை வள்ளத்திலை ஏத்தி, துறைக்கு அங்காலை நங்கூரம் போட்டு, அங்கை வைச்சுத்தான் கஞ்சியும் மீனும் குடுத்தனான். நாய் கரையேறினால் பிறகு ஆரும் மோதகம் குடுத்திடுவினமெண்டு விட்டுட்டு வர மனமில்லை. ஐயா ஒவ்வொரு பூசை முடியவும் கரையிலை வந்து நிண்டு பாப்பார். அது குரைச்சாப் பிறகுதான் போவார்."

டொக்டர் இறங்கி வந்தார். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி நாயின் முன்னால் வைக்கச் செய்தார். வாட்டு முழுவதும் விறாந்தையில். பிலோமினா அக்காவைச் சக்கரக் கதிரையோடு தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். நாய் தண்ணீரை முகர்ந்து பார்த்தது. பிறகு சளக் சளக்கென்று ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்து முடித்தது. டொக்டர் மிஸ்ஸியைப் பார்த்து, "அம்மாவின்ரை ஊசியை நிப்பாட்டுங்கோ" என்றார். விறாந்தையில் கைதட்டல்!

நாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது போலும், பல்லைக் காட்டி உறுமியது. நான் ஓடவில்லை. பக்கத்தில் நின்ற மிஸ்ஸியைப் பிடித்து முன்னால் நிறுத்திக்கொண்டேன்.

இவர் சால்வையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாளும் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். கண் நிரம்பிவிட்டது.

"நாய் சுகம்" என்றார்.